பசையக்காவின் பூட்ஸ்

பசையக்கா தன் சம்பந்தி வீட்டு வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்திருந்தால் பெற்ற தாயே கதவைச் சாத்தியிருப்பாள். முதுகில் ஒரு பெரிய பை, பையின் பக்கவாட்டில் தொங்கும் அலுமினியக் குவளை, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, சேறு குடித்து ஊறிய பூட்ஸ். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த முதுகு அவளுக்கு. லிஃப்ட் பழுது என்பதால் மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பதுதான் வேலை என்பதை இங்கே யாரும் பெரிதுபடுத்த வேண்டாம். கதவைத் திறந்த சம்பந்தியம்மா ஒரு நொடி யாரோ பார்சல் கொண்டுவந்த ஆள் என்று நினைத்து, கையெழுத்துப் போடப் பேனா தேடினார். அப்புறம்தான் முகம் பிடிபட்டது.

“அடடே, சம்பந்தியா? வாங்க வாங்க. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே ஆள் அனுப்பியிருப்பேனே.”

“சாயங்காலம் கிளம்பிடுவேன் சம்பந்தி,” என்றாள் பசையக்கா, வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று படியேறும்போதே தீர்மானித்திருந்தாள். சம்பந்தியம்மா உபசாரத்தில் பேர் போனவர். ஒரு வாய் காபி குடிக்கப் போனவர்கள் இரண்டு நாள் கழித்து, கையில் ஒரு பலகார டப்பாவோடு, அரைமயக்கத்தில் வெளியே வந்த கதைகள் உண்டு.

விஷயம் இதுதான். பசையக்கா தன் ஊரிலிருந்து கிளம்பி நாலு மாதம் ஆகிறது. பஸ், ரயில், லாரி, எதுவும் கிடைக்காத இடத்தில் நடை என்று தரைவழியாகவே போய், அந்தக் கோடியில் சாலை முடிந்து கடல் தொடங்குகிற இடத்தைப் பார்ப்பது என்று இறங்கியிருந்தாள். இந்த நகரம் பாதிவழி. இங்கிருந்து எல்லையைத் தாண்டிப் போகிற பஸ் வாரத்துக்கு ஒன்றுதான். அது இன்றைக்குச் சாயங்காலம். அந்தப் பக்கம் நுழையக் கொடுத்த அனுமதியோ இந்த வாரத்தோடு காலாவதி. இந்த பஸ்ஸை விட்டால் பயணம் இதோடு சரி, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் வழியிலேயே இருந்தது, ஒரு பகலும் கையில் கிடைத்தது. துணி துவைத்து, தலைக்குக் குளித்து, மகள் முகத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்தாள். கட்டிக்கொண்டாள், மூக்கைச் சுளித்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள்.

“இன்னைக்குச் சாயங்காலமேவா?” என்று கேட்டாள்.

“சாயங்காலமேதான்.”

மகள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து வாய் ஓயாத பெண் அவள். அப்படிப்பட்டவள் சும்மா இருந்தால் ஏதோ இருக்கிறது என்று பசையக்காவுக்குத் தெரியாதா என்ன. ஆனால் அலுப்பில் கவனிக்கவில்லை.

பசையக்கா என்பது அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. அவள் ஊரில் ஒரு பூட்ஸ் தொழிற்சாலை உண்டு. மலையேறுகிறவர்களுக்கும் காடு மேடெல்லாம் சுற்றுகிறவர்களுக்கும் பூட்ஸ் செய்து எங்கெங்கோ அனுப்புவார்கள். அங்கே சோல் ஒட்டுகிற வேலை இவளுக்கு. தோலின் அடியில் ஒரு பூச்சு, சோலில் ஒரு பூச்சு, இரண்டும் உலர்ந்தபின் சூடு காட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அழுத்தம் கொடுக்க வேண்டும். நின்றபடி செய்கிற வேலை. காலையில் நின்ற இடத்தில் சாயங்காலமும் நிற்பாள். கல்யாணம் ஆனபோதும் அங்கேதான் நின்றாள், பெண் பிறந்தபின் போய் நின்றதும் அங்கேதான். ஊரையெல்லாம் நடக்கவைக்கிற பொருளைச் செய்கிறவள் ஒரு அடி நகராமல் நிற்பதில் உள்ள வேடிக்கை அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. குனிந்த தலை நிமிர நேரமில்லாத வேலை அது.

பின்னால் அவளை ரிட்டர்ன் மேசைக்கு மாற்றினார்கள். வாங்கியவர்கள் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிற பூட்ஸெல்லாம் அந்த மேசைக்கு வரும். சூடு காட்டிப் பழைய சோலைப் பிரித்து, புதுசு ஒட்டி அனுப்ப வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் சோலின் பள்ளங்களில் அப்பியிருக்கிற மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒன்றில் செம்மண் இருக்கும், ஒன்றில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஏதோ இருக்கும். ஒரு தடவை சின்னச் சின்ன சிப்பிகளோடு வெள்ளை மணல் உதிர்ந்தது. எவனோ எவளோ நடந்த இடத்து மண்ணையெல்லாம் சுரண்டிச் சுரண்டிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் திடீரென்று கோபம் வந்தது. நல்ல பசி வந்த மாதிரி வந்தது அந்தக் கோபம். நான் ஏன் அடுத்தவள் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே முடிவாகிவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும் என்று மட்டும் காத்திருந்தாள்.

புருஷன் அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டப் போனவர், அங்கேயே விபத்தில் போனார். அதன்பின் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே தொழிற்சாலைக்குத்தான் வருவாள். ரிட்டர்ன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எழுதி முடித்ததும் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியை வாங்கிப் பழைய சோல்களை வாட்டி விளையாடுவாள். மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு வேலையை விட்டாள், மூட்டையைக் கட்டினாள். உறவுக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். இந்த வயசில் இது என்ன கூத்து, பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு இருக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் இடது பூட்ஸ் கொஞ்சம் கருத்துப்போனதால் விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஜோடி ஒன்றைத் தன் காலுக்குப் பார்த்து எடுத்தாள், தானே சோல் ஒட்டினாள், கிளம்பிவிட்டாள்.

அந்த பூட்ஸைத்தான் இப்போது சம்பந்தியம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். “இதை இப்படியே விட்டா உங்க காலு அழுகிடும் சம்பந்தி. நீங்க போய்க் குளிங்க,” என்றார். சேற்றைக் கழுவி, அடுப்படியில் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்துக் காயவைத்தார். பசையக்கா குளித்தாள். நாலு மாதத்தில் இவ்வளவு வெந்நீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. சாப்பிட்டாள். சம்பந்தியம்மா போட்டதையெல்லாம் சாப்பிட்டிருந்தால் அங்கேயே குடிவைக்க வேண்டியிருந்திருக்கும், முக்கால்வாசிதான் சாப்பிட்டாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஒரு நகம் கருத்திருந்தது. பசையக்கா அப்படியே சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது சம்பந்தியம்மா எதிரில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“சம்பந்தி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்,” என்றார். “கடைக்குப் போயிட்டு வந்து பார்க்கிறேன், உங்க பூட்ஸு அடி வேற, மேல் வேறயாக் கிடக்கு. ஸ்டவ்வுக்குப் பக்கத்துல வெச்சிருக்கக் கூடாது. சூட்டுல விட்டுப்போச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

பசையக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பேப்பரின்மேல் இரண்டு பூட்ஸும் படுத்திருந்தன, பக்கத்தில் இரண்டு சோல்களும் தனியாக. குனிந்து ஒன்றை எடுத்தாள். விரலால் விளிம்பைத் தடவினாள். இன்னொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

பூட்ஸ் சோல் தானாக விட்டால் முன்பக்கம்தான் விடும். நடக்கும்போது வளைகிற இடம் அதுதான். விரல்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், குதிகால் கடைசிவரை பிடித்திருக்கும். இதிலோ குதிகாலிலிருந்து பிரிந்திருந்தது. தோல் ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. ஸ்டவ் சூடு ஒரு பக்கமாகத்தான் அடித்திருக்க வேண்டும், ஆனால் பசை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இளகி வந்திருந்தது. குதிகாலில் சூடு காட்டி, கட்டைவிரலை உள்ளே விட்டு, விரல்பக்கமாக மெதுவாக உரித்துக்கொண்டு போவது ரிட்டர்ன் மேசையின் வழக்கம். இந்த நகரத்தில் அதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இவ்வளவு நேரம் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மற்றவள் தொட்டித் தண்ணீரில் ஏற்கனவே கழுவிய தட்டை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

பசையக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த சோலாலேயே நாலு வைத்திருப்பாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார். மகள் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பசையக்கா வாயை மூடிக்கொண்டாள்.

“உங்க மேல ஒரு தப்பும் இல்ல சம்பந்தி,” என்றாள். “பழைய பூட்ஸு.”

“அதெப்படி. நான்தானே வெச்சேன். சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒரு வாரம் நிம்மதியா இருங்க. அடுத்த பஸ்ஸுக்கு…”

“அடுத்த பஸ்ஸு எனக்குக் கிடையாது சம்பந்தி.”

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இருபது மாடி உயரத்தில் கம்பிக்கயிற்றைப் பிடித்துத் தொங்க அஞ்சாத மனிதர், மாமியார் எதிரில் மட்டும் கைகட்டி நிற்பார்.

“அத்தை, புதுசா ஒரு ஜோடி வாங்கிட்டு வந்துடவா? பக்கத்துலயே கடை இருக்கு,” என்றார்.

“எல்லை தாண்டினதும் பஸ்ஸு இறக்கிவிட்டுடும் மாப்பிள்ளை. அதுக்கப்புறம் மலையில ஒரு வாரம் நடை, வண்டி போகாது. புது பூட்ஸைப் போட்டுக்கிட்டு நடந்தா ரெண்டாம் நாளே கொப்புளம் வந்து உக்காந்துடுவேன். நீங்க எனக்கு வேற ஒரு உதவி பண்ணுங்க. சோல் ஒட்டுற பசை ஒரு டப்பா, நல்லதாப் பார்த்து வாங்குங்க. உப்புத்தாள் உங்க பொட்டியில இருக்குமே?”

மாப்பிள்ளை தன் கருவிப் பெட்டியிலிருந்து உப்புத்தாளும் சுத்தியலும் எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடாமலே பசை வாங்க ஓடினார். அவர் பின்னாலேயே “குடையை எடுத்துட்டுப் போடா” என்று சம்பந்தியம்மாவும் வாசலுக்குப் போனார். அடுப்படியில் தாயும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

“ஹேர் டிரையரை எடுத்துட்டு வா,” என்றாள் பசையக்கா.

மகள் தட்டை வைத்தாள். “எதுக்கு?”

“நீ எதுக்கு எடுத்தியோ அதுக்குத்தான்.”

மகள் உள்ளே போய் டிரையரை எடுத்துக்கொண்டு வந்தாள். பசையக்கா உப்புத்தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டை அவள் கையில் திணித்தாள். “பழைய பசை பளபளன்னு இருக்கு பாரு. அது போற வரைக்கும் தேய். உரிக்கத் தெரிஞ்சவளுக்குத் தேய்க்கவும் தெரியும்.”

தரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு சோலைத் தேய்த்தார்கள்.

“நீ தங்கியிருந்த லாட்ஜுக்காரம்மா எனக்குப் போன் பண்ணாங்க,” என்றாள் மகள், தலை நிமிராமல்.

பசையக்காவின் கை நின்றது. மகள் தேய்ப்பதை நிறுத்தாமல் பேசினாள். “போன மாசம். உனக்குக் காய்ச்சல் ஏறி நினைவே இல்லையாம். உன் பையில என் நம்பரைப் பார்த்துட்டுப் பண்ணாங்க. நான் ராத்திரி பகலாத் தூங்கல. ரெண்டு நாள் கழிச்சு நீ பேசுறே, ‘நல்லா இருக்கேன்டி, இங்க ஒரே குளுகுளுன்னு இருக்கு’ன்னு. குளுகுளுன்னு இருந்ததாம்.”

“நீ பயப்படுவேன்னு சொல்லல.”

“அப்பா விஷயமும் போன்லதான் வந்துச்சு. கிளாஸ்ல இருந்தேன். ஹெட்மாஸ்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இன்னொரு தடவை அப்படி ஒரு போன் எடுக்க என்னால முடியாதும்மா. நீ தூங்குறதைப் பார்த்தேன். செத்துப்போன மாதிரி தூங்குறே. எழுந்து டிரையரை எடுத்துட்டேன்.”

பசையக்கா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. இவளை விட்டுவிட்டுப் போக நமக்கு மனசு எப்படி வருகிறது என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தாள். இருந்துவிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பாதி தூரம் வந்ததே பெரிய விஷயம் என்று பாராட்டக்கூடச் செய்வார்கள். திரும்பிப் போய்ப் பூட்டிய வீட்டைத் திறந்து விளக்கைப் போட வேண்டியதுதான். விளக்கைப் போட்டபின் என்ன செய்வது என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

“பொய் சொன்னது என் தப்பு,” என்றாள் கடைசியில். “இனிமே காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்றேன். விழுந்தா விழுந்தேன்னு சொல்றேன். ஆனா போறதை நிறுத்த மாட்டேன். பயப்படாதேன்னு உனக்குச் சொல்ல மாட்டேன்டி. பயமாத்தான் இருக்கும். எனக்கும் இருக்கு.”

“அப்புறம் எதுக்குப் போறே?”

“போகணும்னு இருக்கு. இதுக்கு மேல காரணம் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பளபளப்பு போயிருந்தது. “இது போதுமா?” என்று கேட்டாள்.

“ஓரத்துல இன்னும் கொஞ்சம்.”

மாப்பிள்ளை பசையோடு வந்தார். மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியதாம். பசையக்கா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்று தலையாட்டினாள். அடுப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, தோலில் ஒரு பூச்சு, சோலில் ஒரு பூச்சு போட்டாள். உலரக் காத்திருந்து இரண்டாவது பூச்சு போட்டாள். நாலு மாதம் தொடாத வேலை, கை மறக்கவில்லை. விரல்பக்கத்தில் தாராளமாகவும் நடுவில் இழுத்துப் பிடித்தும் பூசினாள். மகள் டிரையரைப் பிடித்தாள். சூடு ஏறி, பசை தொட்டால் இழுக்கிற பதத்துக்கு வந்ததும் பசையக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சோலைப் பொருத்தினாள். ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. இரண்டும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தன. சுத்தியலால் சுற்றிலும் தட்டினாள்.

“தொழிற்சாலையில மெஷின் அழுத்தும். இங்க என்ன இருக்கு?” என்று மகள் கேட்டாள்.

“நீ இருக்கியே. போட்டுக்கிட்டு நில்லு.”

“நானா?”

“ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தவ நான், என் கால்ல நிக்க பலமில்ல. நீ நல்லா சாப்பிட்டு வளர்ந்திருக்கே. நில்லு. குதிகாலைத் தூக்காதே, வளைக்காதே. பஸ்ஸுக்குக் கிளம்புற வரைக்கும்.”

மகள் இரண்டு ஜோடி காலுறை மாட்டிக்கொண்டு பூட்ஸுக்குள் இறங்கினாள். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள் பசையக்கா. அடுப்படி நடுவில், மேசையைப் பிடித்துக்கொண்டு, மகள் தண்டனைக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள். நிற்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இடுப்பு வலிக்கிறது என்றாள். “எனக்கும் வலிச்சுது,” என்றாள் அம்மா. பையைக் கொண்டுவந்து வைத்து, காய்ந்த துணிகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே அடுக்கத் தொடங்கினாள்.

சம்பந்தியம்மா காபி போட வந்தார். மருமகள் நிற்கிற நிலையைப் பார்த்துத் திகைத்தார், பிறகு நெற்றியில் கை வைத்தார். “பாரு, எல்லாம் என்னால. ஒரு பூட்ஸைக் காயவைக்கத் துப்பில்லாம இந்தப் பொண்ணைக் கால் கடுக்க நிக்க வெச்சிட்டேன்.”

பசையக்கா துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மகளைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

“அத்தை,” என்றாள் மகள். “ஸ்டவ்வால இல்ல. நான்தான் பிரிச்சேன். அம்மா போகக்கூடாதுன்னு.”

சம்பந்தியம்மா பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார், பசையக்காவைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளின் கை மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன.

“எனக்கும் அந்த யோசனை வந்துச்சு,” என்றார் சம்பந்தியம்மா கடைசியில். “ஆனா நான் பையை ஒளிச்சு வைக்கலாம்னுதான் நினைச்சேன். இவ்வளவு பெரிய பையை எங்க ஒளிக்கிறதுன்னு தெரியல. கட்டிலுக்கு அடியில போகல.”

“ஒளிச்சுப் பார்த்தீங்களா?” என்றாள் பசையக்கா.

“பார்த்தேன். ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு நின்னுது.”

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆடாதே, சோல் நகரும் என்று பசையக்கா அதட்டினாள். சம்பந்தியம்மா அவள் பக்கம் திரும்பினார். “நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?”

“பார்த்த உடனேயே.”

“அப்புறம் ஏன் சொல்லல? நான் அரை நாளா என்னையே திட்டிக்கிட்டிருக்கேன்.”

“அவ இந்த வீட்டுல இருக்கப்போறவ சம்பந்தி. நான் சாயங்காலம் போறவ. அதான்.”

சம்பந்தியம்மா எழுந்து போய் இன்னொரு ஸ்டூலைக் கொண்டுவந்து, மருமகள் சாய்ந்துகொள்ள வசதியாக முதுகுக்குப் பின்னால் வைத்தார். உட்காரக் கூடாது என்று பசையக்கா சொன்னாள். உட்காரவில்லை, சாய்கிறாள் என்றார் சம்பந்தியம்மா. காபி வந்தது. மகள் நின்றபடியே குடித்தாள்.

சாயங்காலம் மகள் பூட்ஸைக் கழற்றாமலே படியிறங்கினாள். பாதம் வளையக் கூடாது என்பதால் வாத்து மாதிரி அகட்டி அகட்டி இறங்கினாள். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பசையக்கா மகளின் செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு பின்னால் வந்தாள். சம்பந்தியம்மா பலகார டப்பாவோடு வந்தார். எதிரே வந்த அக்கம்பக்கத்தார் இவர்கள் நாலு பேரையும் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பஸ் நிலையத்தில் எல்லைக்குப் போகிற பஸ் இன்ஜினைப் போட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் கூரைமேல் சாமான் ஏற்றுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு போனார், சம்பந்தியம்மா ஜன்னல்பக்க சீட்டுக்குச் சண்டை போடப் பின்னாலேயே போனார். பசையக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மகள் கயிற்றை அவிழ்த்து பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். பசையக்கா போட்டுக்கொண்டாள். உள்ளே கதகதப்பாக இருந்தது.

ஆனால் எழுந்திருக்கவில்லை. இடது காலைத் தூக்கி மகள் மடிமேல் வைத்தாள்.

“இழுத்துப் பாரு,” என்றாள்.

தொழிற்சாலையில் இது கண்டிப்பான விதி. ஒட்டியவள் தானே இழுத்துப் பார்க்கக் கூடாது. தான் ஒட்டியதைத் தன் கை பாவம் பார்த்து மெதுவாக இழுத்துவிடும். வேறு ஒருத்திதான் குதிகாலைப் பிடித்து முழு பலத்தோடு இழுக்க வேண்டும். மகளுக்கும் தெரியும். இன்றைக்கு ஒட்டியது இன்னும் முழுசாக இறுகியிருக்காது, அழுத்தம் கொடுத்தது மெஷினும் இல்லை. பிடிக்கிற இடத்தில் பிடித்து நிஜமாகவே இழுத்தால் வந்தாலும் வந்துவிடும். வந்துவிட்டால் மறுபடி ஒட்ட நேரமில்லை, பஸ் போய்விடும். பசையக்கா இதையெல்லாம் தெரிந்துதான் காலைக் கொடுத்தாள். மலைமேல் நடுவழியில் விடுவதைவிட இங்கே இவள் கையிலேயே விடட்டும் என்று நினைத்தாள்.

“இழுக்கவா?” என்றாள் மகள்.

“ம்.”

மகள் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறுகையின் விரல்களைக் குதிகால் விளிம்பில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள், பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி இழுத்தாள். பசையக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் ஆளே கீழே வந்திருப்பாள். சோல் அசையவில்லை. மகள் வலது காலையும் மடிமேல் வாங்கிக்கொண்டு அதையும் அதே மாதிரி இழுத்தாள். அதுவும் வரவில்லை. மகளின் விரல் நுனிகள் சிவந்துபோயிருந்தன.

பஸ் ஹாரன் அடித்தது. ஜன்னலிலிருந்து சம்பந்தியம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

பசையக்கா எழுந்து நின்றாள். குதிகாலை ஊன்றி, விரல்பக்கம் வளைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு மகளின் முகத்தை நிமிர்த்தினாள். “உண்மையைச் சொல்லு. முழு பலத்தோட இழுத்தியா? இல்ல பாவம் போகட்டும்னு விட்டியா?”

“முழு பலத்தோடதாம்மா,” என்றாள் மகள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. “வந்துடணும்னுதான் இழுத்தேன்.”

“அப்படின்னா தாங்கும்,” என்றாள் பசையக்கா. மகளின் தலையைத் தன் தோளோடு ஒரு தடவை அழுத்திக்கொண்டு, பஸ்ஸில் போய் ஏறினாள்.